இராட்சதப் பூசணி வளர்த்த நிலத்துக்கு ஓராண்டு ஓய்வு கொடுப்பதா, செடியின் இடத்தை மாற்றினால் போதுமா?

களிமண்கமம் (ஒன்ராறியோ) கேட்டது:

வணக்கம். ரொறன்ரோவுக்குக் கிழக்கே, பௌமன்வில் பக்கம் எங்களுக்கு ஒரு வளவு உண்டு. அதில் 30 அடி அகலமும் 60 அடி நீளமும் கொண்ட ஒரு துண்டில் ஐந்து ஆண்டுகளாக ஆண்டுக்கு இரண்டு அட்லாண்டிக் ஜயன்ட் என்ற இராட்சதப் பூசணிச் செடிகள் நட்டு வருகிறேன். முதலாம் ஆண்டு 310 இறாத்தல், இரண்டாம் ஆண்டு 545, மூன்றாம் ஆண்டு 690 என்று காய் ஏறிக்கொண்டே போனதால், நிலம் என் கைக்குப் பழகிவிட்டது என்று எண்ணியிருந்தேன். நான்காம் ஆண்டு 605 ஆக இறங்கியது. இந்த ஆண்டு ஒரு செடி 415 உடன் நின்றுவிட்டது, மற்றது காயைத் தாங்க முன்னரே போய்விட்டது.

போன விதத்தையும் சொல்லிவிடுகிறேன். ஓகஸ்ட் இரண்டாம் கிழமையில் நண்பகலில் இலைகள் தொங்கின, மாலையில் நிமிர்ந்தன. வெயிலின் வேலை என்று நினைத்துத் தண்ணீரைக் கூட்டினேன். பத்து நாளில் அவை மாலையிலும் நிமிரவில்லை. அடித்தண்டைப் பிடித்து மெல்ல அசைத்தபோது, மண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே அது அப்படியே கையோடு கழன்று வந்தது. கழன்ற இடத்தில் தோல் கபில நிறமாகிச் சதசதவென்று உரிந்தது. ஆனால் கீழே தோண்டிப் பார்த்தால் பக்க வேர்கள் பெரும்பாலும் வெள்ளையாகவே இருந்தன.

ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் அருகிலுள்ள ஒரு குதிரை லாயத்திலிருந்து ஏறத்தாழ 6 கன யார் எரு கொண்டுவந்து பரப்பி உழுகிறேன், ஆகையால் நிலம் பட்டினி கிடக்கிறது என்று சொல்வதற்கில்லை. இப்போது என் முன்னால் மூன்று வழிகள் உள்ளன: துண்டு முழுவதையும் ஓராண்டு சும்மா விடுவது, அதே துண்டில் செடியின் இடத்தை மட்டும் மறு கோடிக்கு மாற்றுவது, அல்லது வேலியோரம் இருக்கும் 30 அடிச் சதுரப் புற்றரையைக் கிளறிப் புது நிலமாக்குவது. எதைச் செய்வது நல்லது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

---

கொடிமூலை (ஒன்ராறியோ, நயாகரா) எழுதியது:

தம்பி, நீங்கள் விவரித்ததைப் பார்த்தால் அடித்தண்டு அழுகல் போலத்தான் தெரிகிறது. பூசணிக் குடும்பத்தைத் தாக்கும் பியூசேரியம் என்ற ஒரு பங்கசு (பூஞ்சை) மண் மட்டத்தில் தண்டைச் சுற்றி அழுக வைக்கும். வேர்கள் கடைசிவரை ஓரளவு நன்றாகவே இருக்கும். செடி கழுத்தில் ஒடிந்து வரும். உறுதியாகத் தெரிய வேண்டுமானால் அந்தத் தண்டுத் துண்டைத் தாவர நோய் ஆய்வுகூடம் ஒன்றுக்கு அனுப்புங்கள். அதற்கான கட்டணம் நீங்கள் எருவுக்குச் செலவழிப்பதைவிடக் குறைவாகவே இருக்கும். அதுவரை இதுதான் நோய் என்று வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

உங்கள் இரண்டாவது வழியை முதலில் தள்ளிவிடலாம். சாதாரணப் பூசணிக்கு நட்ட குழிதான் இடம், அதை நாலு அடி தள்ளினாலும் புது இடம் என்று சொல்லிக்கொள்ளலாம். இராட்சதப் பூசணியில் அந்தக் கணக்குச் செல்லாது. கொடி ஓட ஓட நாமே ஒவ்வொரு கணுவையும் மண்ணால் மூடுகிறோம், ஒவ்வொரு கணுவிலும் வேர் இறங்குகிறது, செப்ரெம்பரில் பார்த்தால் 900 சதுர அடியும் ஒரே செடியின் வேர் நிலமாகிவிடுகிறது. ஆகையால் உங்கள் துண்டில் பூசணி வேர் படாத மூலை என்று ஒன்று ஐந்து ஆண்டுகளாக இல்லை. அது போதாதென்று, உழவு இயந்திரம் ஒவ்வொரு முறையும் இந்தக் கோடி மண்ணை அந்தக் கோடிக்கு இழுத்துச் சென்றிருக்கும். அடித்தண்டு இருந்த குழியை விட்டு விலகுவது சிறு நன்மை தரலாம், ஆனால் அதைப் பயிர்ச் சுழற்சி என்று சொல்ல முடியாது.

இந்தப் பங்கசில் ஓர் ஆறுதல் உண்டு. பூசணி வகைப் பயிர் இல்லாத மண்ணில் இது பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு மேல் தாக்குப்பிடிப்பதில்லை. ஆகவே ஓராண்டு ஓய்வு குறைவு, மூன்றாண்டு விட்டு நான்காம் ஆண்டு திரும்புவது நியாயமான கணக்கு. ஆனால் இது விதையோடும் வரும். நோய் கண்ட ஆண்டில் நீங்கள் எடுத்து வைத்திருக்கும் விதைகள் எவ்வளவு நல்ல வம்சமானாலும் அவற்றைப் புது நிலத்தில் போடாதீர்கள். மண்வெட்டியையும் சப்பாத்தையும் கழுவாமல் பழைய துண்டிலிருந்து புதுத் துண்டுக்குப் போவதும் கிட்டத்தட்ட அதே வேலையைத்தான் செய்யும்.

இனி வேலியோரம். அந்த வேலியில் இதுவரை என்ன கொடி படர்ந்தது என்று நீங்கள் எழுதவில்லை. நம்மவர் வளவில் வேலி சும்மா நிற்பதில்லை என்பதால் கேட்கிறேன்.

---

மடக்கிஉழவன் (பென்சில்வேனியா) எழுதியது:

நான் தஞ்சாவூர்ப் பக்கத்தைச் சேர்ந்தவன். எங்களுக்கு இது பரங்கி. நீங்கள் பூசணி என்றே எழுதியிருப்பதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

நோயைப் பற்றி மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். எனக்கு உறுத்துவது அந்த 6 கன யார் எரு. இவ்வளவு பெரிய காய் மண்ணை உறிஞ்சித் தீர்த்துவிடும் என்ற எண்ணத்தில்தான் எல்லோரும் எருவைக் கொட்டுகிறோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். உணவுச் சத்து அட்டவணைகளின்படி 100 கிராம் பச்சைப் பூசணியில் பாஸ்பரஸ் ஏறத்தாழ 44 மில்லிகிராம், பொட்டாசியம் 340 மில்லிகிராம். உங்களுடைய 690 இறாத்தல் காய் ஏறத்தாழ 313 கிலோ. அது நிலத்தை விட்டு வெளியே கொண்டுபோனது 140 கிராம் பாஸ்பரஸும் ஒரு கிலோவைச் சற்றே தாண்டிய பொட்டாசியமும்தான். இராட்சத ரகங்களில் நீர் இன்னும் அதிகம் என்பதால் உண்மையில் அதைவிடக் குறைவாகவே இருக்கும். குதிரை எருவில் ஒரு கன யாருக்குச் சில நூறு கிராம் பாஸ்பரஸ் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், 6 கன யாரில் 2 கிலோ வந்துவிடும். அப்படி ஒரு காய் எடுத்ததைப் போலப் பத்து மடங்குக்கு மேல் ஒவ்வொரு ஆண்டும் உள்ளே போயிருக்கிறது, அதுவும் ஐந்து ஆண்டுகளாக.

மிகுந்த பாஸ்பரஸ் சும்மா கிடப்பதில்லை. துத்தநாகத்தைச் செடி எடுத்துக்கொள்வதை அது கெடுக்கும். வேரோடு கூடி வாழும் நன்மைப் பூஞ்சைகள் வேரில் பற்றுவதையும் குறைக்கும். அந்தப் பூஞ்சைப் பொடியை விலை கொடுத்து வாங்கி நடவுக் குழியில் தூவுகிறவர்கள் முதலில் தங்கள் மண்ணின் பாஸ்பரஸ் அளவைப் பார்ப்பது நல்லது. பொட்டாசியம் மிகுந்தால் கால்சியமும் மக்னீசியமும் உள்ளே போவது தடைப்படும். ஆகவே உங்கள் நிலத்துக்கு வேண்டிய ஓய்வில் பாதி, எருவிலிருந்து ஓய்வு. மண் பரிசோதனை முடிவு இருந்தால் இங்கே எழுதுங்கள்.

சும்மா விடுவது பற்றி ஒரு சொல். வெறும் தரையாக விட்டால் மழை அதை அடித்து இறுக்கும், களை மூடும், உயிருள்ள வேர் இல்லாமல் நன்மைப் பூஞ்சைகளும் மெலியும். எங்கள் ஊரில் நெல்லுக்கு முன்னால் தக்கைப்பூண்டை விதைத்து, பூக்கும் தறுவாயில் மடக்கி உழுவார்கள். அந்தத் தறுவாய்தான் முக்கியம். தண்டு முற்றிய பிறகு மடக்கினால் அது மட்குவதற்கே மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். குளிர் நாட்டில் பயிர் வேறு, விதி அதேதான். கோடையில் சோளமும் சூடான் புல்லும் கலந்த கலப்பினத்தை விதைக்கலாம். நான் சொல்வது நாட்டுச் சோளம்; இலங்கையில் சோளம் என்றால் மக்காச்சோளம் என்று அறிவேன், உங்கள் வழக்கில் இது இறுங்கு. மண்ணின் வெப்பம் 18 பாகை செல்சியஸைத் தொட்ட பிறகு, அதாவது உங்கள் பக்கம் ஜூன் தொடக்கத்தில் விதைத்து, இடுப்பளவு வந்ததும் ஒரு முறை அறுத்துவிட்டால் வேர் இன்னும் ஆழமாகவும் தடிப்பாகவும் இறங்கும். களிமண்ணுக்கு இதைவிட நல்ல கடப்பாரை கிடையாது.

---

களிமண்கமம் எழுதியது:

இருவருக்கும் நன்றி. வேலியைப் பற்றிய கேள்விக்கு வெட்கத்தோடுதான் பதில் சொல்கிறேன். ஒரு பக்கம் பாகல், மறு பக்கம் புடோல், மூன்று ஆண்டுகளாக. புற்றரையின் நடுப்பகுதியில் ஒன்றும் நட்டதில்லை. அதற்கு அப்பால் கத்தரி, மிளகாய், தக்காளிப் பாத்திகள் இருக்கின்றன.

கடந்த வசந்தத்தில் எடுத்த மண் பரிசோதனை: சேதனப் பொருள் 11 சதவீதம், பீ.எச். 7.4, பொசுபரசு 190, பொற்றாசியம் 710 (இரண்டும் பத்து இலட்சத்துக்கு), நாகம் (துத்தநாகம்) குறைவு. பொசுபரசுக்கும் பொற்றாசியத்துக்கும் நேரே 'மிக அதிகம்' என்று ஆய்வுகூடம் குறித்திருந்தது. அதிகம் என்றால் நல்லது என்று அன்று மகிழ்ந்தேன்.

கடுகை விதைத்து உழுதால் மண் நோய்கள் தீரும் என்று பலரும் சொல்கிறார்கள். மூன்றாண்டு காத்திருப்பதற்குப் பதிலாக அதைச் செய்ய இயலுமா?

---

வடக்குமணல் (கியூபெக்) எழுதியது:

நான் மற்றவர்களோடு முழுமையாக உடன்படவில்லை. எனக்கு ஒரே ஒரு துண்டுதான் உண்டு, 11 ஆண்டுகளாக அதிலேயே வளர்க்கிறேன், என் மிகப் பெரிய காய் ஒன்பதாம் ஆண்டில் வந்தது. ஒவ்வொரு ஆண்டும் காயை எடுத்த கிழமையே கொடியையும் இலையையும் வழித்து வெளியேற்றிவிட்டு, ரை என்னும் குளிர் தாங்கும் புல்தானியத்தை விதைத்துவிடுவேன். பெரும் காய்களை எடுப்பவர்களிலும் பலருக்கு இரண்டாவது துண்டு கிடையாது. நிலத்தை ஓய்வு விடாதவன் தவறு செய்கிறான் என்ற தொனி எனக்குச் சரியாகப் படவில்லை.

---

கொடிமூலை எழுதியது:

வடக்குமணல் சொல்வதில் உண்மை உண்டு. நீர் வடியும் மணற்பாங்கான மண்ணில், நோய் ஒரு முறையும் தலைகாட்டாத துண்டில், கழிவை வெளியேற்றி ரையும் விதைத்து வருபவர் அதே இடத்தில் நெடுங்காலம் வளர்க்கலாம். 1904ஆம் ஆண்டு சென்ட் லூயிஸ் உலகக் கண்காட்சிக்கு இதே ஒன்ராறியோவின் கொட்ரிச் ஊரிலிருந்து வில்லியம் வார்னொக் கொண்டுபோன 403 இறாத்தல் காயை 1976 வரை எவரும் மிஞ்சவில்லை. இன்று அந்த எடை புதியவர் ஒருவரின் இரண்டாம் ஆண்டுக் காய். இந்த வளர்ச்சியில் பெரும் பங்கு விதைக்கு உரியது, நோவா ஸ்கோசியாவின் ஹாவர்ட் டில் உருவாக்கிய அட்லாண்டிக் ஜயன்ட் வம்சத்துக்கு உரியது. அந்த விதை எங்கள் மண்ணின் குறைகளை நெடுநாள் மறைத்து வைத்திருந்தது என்பது என் எண்ணம். ஆனால் தண்டு கையோடு கழன்று வந்த பின்னர் கதை வேறு. களிமண்கமத்தின் துண்டில் நோய் இருக்கிறது, உங்களுடையதில் இல்லை. இரண்டுக்கும் ஒரே மருந்து எழுத முடியாது.

வேலிக்கு வருகிறேன். பாகலும் புடோலும் பூசணியின் ஒன்றுவிட்ட சகோதரங்கள். புற்றரையின் நடுப்பகுதியை எடுங்கள், வேலியிலிருந்து ஆறு ஏழு அடி விடுங்கள், அடுத்த ஆண்டு முதல் அந்த வேலியில் வேறெதையாவது ஏற்றுங்கள். கத்தரி, மிளகாய், தக்காளி பற்றியும் ஓர் எச்சரிக்கை. ஆய்வுகூட முடிவில் பியூசேரியத்துக்குப் பதிலாக பைட்டோப்தோரா கேப்சிசி என்ற வேறொரு நோய்க்கிருமி வந்தால், அது இந்த மூன்றையும் அவரையினத்தையும்கூடத் தாக்கும், மண்ணிலும் பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கும். அப்போது பூசணியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மிளகாய் நடுவது, கள்ளனை முன்வாசலால் அனுப்பிப் பின்வாசலால் அழைப்பது போலாகும். புல்லினமும் வெங்காயமும் உள்ளியும் இரண்டு நோய்க்கும் பொதுவாகப் பாதுகாப்பானவை.

கடுகு வேலை செய்யும், ஆனால் அது மூன்றாண்டுக்கு மாற்று இல்லை. கடுகின் இலை நசியும்போது வெளிவரும் காரமான ஆவிதான் மருந்து. பூத்துக் குலுங்கும் தருணத்தில் நன்றாகப் பொடியாகும்படி வெட்டி, வெட்டிய கையோடு உழுது, தண்ணீர் விட்டு, உருளையால் அமத்தி மூடவேண்டும். அரை மணி நேரம் தாமதித்தாலே பெரும்பகுதி காற்றோடு போய்விடும். நான் முதல் முறை செய்தபோது, அம்மியில் கடுகு அரைக்கும்போது மூக்கில் ஏறுமே, அந்த நெடி அயல் வீடு வரை போனது, கண்ணும் எரிந்தது. இவ்வளவு நன்றாக மணக்கிறதே என்று பெருமைப்பட்டேன். மணந்ததெல்லாம் மண்ணுக்குள் போயிருக்க வேண்டியது என்று பின்னர்தான் விளங்கியது.

காலமும் இங்கே இறுக்கம். வசந்தத்தில் விதைத்தால் அது பூப்பதற்குள் நாற்று நடும் நாள் வந்துவிடும், மடக்கிய பின்னும் இரண்டு மூன்று கிழமை விடாமல் நட்டால் அந்தக் காரம் நாற்றையே சுடும். ஓய்வு ஆண்டில் ஓகஸ்ட் நடுவில் விதைத்து ஒக்ரோபர் தொடக்கத்தில் மடக்குவதே பொருத்தம். கோடையில் இறுங்கையும் அதன் பின் கடுகையும் ஒரே ஆண்டில் அடைக்கலாம் என்று நான் ஒரு முறை முயன்றேன். கடுகு கணுக்கால் உயரத்தில் நின்றபடியே உறைபனியைக் கண்டது. ஓர் ஆண்டுக்கு ஒன்றை எடுங்கள். மேலும், கடுகு நன்மைப் பங்கசுகளோடு கூடாத செடி, அதனால் பூசணிக்கு முந்திய பயிராக அதை வைக்காமல், கடுகுக்குப் பிறகு ஒரு புல்லினத்தை வளர்த்துவிட்டு நடுவது மேல்.

---

மடக்கிஉழவன் எழுதியது:

190, 710 என்ற எண்களைப் பார்த்த பின் என் ஆலோசனையைத் திருத்துகிறேன். சோளப் பயிரை மடக்கி உழ வேண்டாம், அறுத்து வெளியே கொண்டுபோங்கள். மடக்கினால் எடுத்த சத்து அதே மண்ணுக்குத் திரும்பிவிடும். இரண்டு அறுப்பு வெளியேறினால் பொட்டாசியம் கிலோக் கணக்கில் குறையும். பாஸ்பரஸ் அவ்வளவு வேகமாக இறங்காது, அதற்கு ஆண்டுக்கணக்கில் எருவை நிறுத்துவதுதான் வழி. 11 சதவீதச் சேதனப் பொருள் இருக்கும் நிலம் எரு இல்லாமல் மூன்றாண்டு போனால் ஒன்றும் ஆகிவிடாது.

அறுத்த சோளத்தை எரு தந்த நன்றிக்காக அந்த லாயத்துக் குதிரைகளுக்குக் கொடுத்துவிடாதீர்கள். இந்தப் பயிரில், குறிப்பாக இளம் பயிரிலும் பனி பட்ட பயிரிலும், சயனைடு உண்டாகும். குதிரைக்கு இது ஆகவே ஆகாது.

லாயத்து எருவைப் புற்றரைத் துண்டுக்கும் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் இன்னொன்று. மேய்ச்சல் நிலத்தில் அகன்ற இலைக் களைக்கு அடிக்கும் அமினோபைராலிட் போன்ற மருந்துகள் வைக்கோலில் தங்கி, குதிரையின் வயிற்றையும் தாண்டி எருவில் வந்துவிடும். எனக்கு ஒரு லாயத்து எருவால் ஓராண்டு பரங்கி முழுவதும் இலை சுருண்டு, கொழுந்து பெரணி போல முறுக்கிக்கொண்டது. லாயக்காரருக்கே வைக்கோல் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அதன் பிறகு எந்த எருவானாலும் மண்ணோடு கலந்து மூன்று தொட்டியில் அவரை விதை போட்டு, மூன்று வாரம் பார்த்துவிட்டுத்தான் நிலத்தில் இறக்குகிறேன்.

---

களிமண்கமம் எழுதியது:

நேற்று மாலை ஒரு குழி தோண்டினேன். மேல் எட்டு அங்குலமும் கறுப்பு, கையில் பிடித்தால் உதிர்கிறது, மழைக்குப் பிந்திய மண் வாசம். எட்டாவது அங்குலத்தில் மண்வெட்டி ணங்கென்று நின்றது. பழைய பூசணி வேர் ஒன்று அதுவரை நேராக இறங்கி, அந்த இடத்தில் முழங்கை மடித்தது போல் பக்கவாட்டில் திரும்பியிருந்தது. ஐந்து ஆண்டுகளும் உழவு இயந்திரத்தை ஒரே ஆழத்தில் ஓட்டியது நான்தான். அதன் மேல் தண்ணீரை ஊற்றிப் பார்த்தேன். கால் மணி நேரமாகியும் அது இறங்கவில்லை. செடிக்கழுத்து ஏன் ஈரத்தில் ஊறியது என்பதற்குத் தனியாகக் காரணம் தேட வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

ஆகவே இப்படி முடிவு செய்திருக்கிறேன். தண்டுத் துண்டு ஆய்வுகூடத்துக்குப் போகிறது. பழைய துண்டில் இந்தக் கிழமையே ரை, அடுத்த கோடையில் இறுங்கு, அதை அறுத்து வெளியேற்றல், இரண்டாம் ஆண்டு ஓகஸ்டில் கடுகு, மூன்றாம் ஆண்டு மீண்டும் புல்லினம். புற்றரையின் நடுவில் ஒரே ஒரு செடி, வாங்கிய விதையில், எரு இல்லாமல், மேடாக்கிய பாத்தியில். ரையை எவ்வளவு விதைப்பது, வசந்தத்தில் எப்போது மடக்குவது?

---

கொடிமூலை எழுதியது:

1000 சதுர அடிக்கு 3 இறாத்தல். ஒக்ரோபர் நடுப்பகுதி கடந்துவிட்டால் 4. வசந்தத்தில் ஓரடி, அதிகம் போனால் ஒன்றரையடி உயரத்தில் மடக்கிவிடுங்கள், கதிர் தள்ள விடாதீர்கள். இறுங்கு விதைக்க ஜூன் வரை காலம் இருப்பதால் அவசரப்பட்டு ஈர மண்ணில் இயந்திரத்தை இறக்கவும் தேவையில்லை. களியை ஒரு பிடி உருட்டிப் பாருங்கள், திரி போல நீண்டால் இன்னும் இரண்டு நாள் பொறுங்கள். எட்டு அங்குலத்தில் இறுகிக் கிடக்கும் அந்தத் தட்டை உடைக்கத் தோட்ட முள்ளுக் கரண்டியால் அடிக்கு ஒரு குத்து குத்தி அசைத்துவிட்டு, அதன் பின் இறுங்கை விதையுங்கள், வேர் அந்த ஓட்டைகளால் இறங்கும். இயந்திரத்தை மூன்று அங்குலத்துக்குக் கீழே இனி விடாதீர்கள்.

ஆய்வுகூடத்துக்கு அனுப்பும் துண்டைப் பிளாஸ்ரிக் பையில் ஈரமாகக் கட்டாமல், காகிதத்தில் சுற்றித் திங்கட்கிழமை அனுப்புங்கள். வெள்ளி அனுப்பினால் வாரவிடுமுறையில் தபாலில் கிடந்து வேறு பங்கசுகள் ஏறிவிடும்.